பாம்ப்லெமூஸ் கிராமத்தில் ஒரு நாளைக் கழிப்பது எப்படி?

மொரிஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸுக்கு வடக்கே ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாம்ப்லெமூஸ், தலைநகரின் புறநகர் என்றே சொல்லத்தக்க சிறு கிராமம். சுற்றுலா வண்டிகளில் வருவோரில் பலர் அல்லிக்குளத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகின்றனர். காலையில் தோட்டம், பிற்பகலில் சர்க்கரை அருங்காட்சியகம் என்று ஒரு முழு நாளை இவ்வூருக்கு ஒதுக்குவதே முறையாகும்.

போர்ட் லூயிஸின் இமிகிரேஷன் ஸ்க்வேர் நிலையத்தில் பேருந்து கிடைக்கும். ஏறுவதற்கு முன், அருகிலேயே இருக்கும் ‘ஆப்ரவாசி காட்’ என்ற பழைய குடியேற்றத் துறையைப் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கரையேறிய 16 கற்படிகள் அங்கே இருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவர்கள் எதற்காகக் கொண்டுவரப்பட்டனர் என்பதைப் பிற்பகலில் அருங்காட்சியகத்தில் காண்பீர்கள்.

ஏறத்தாழ 37 ஹெக்டேர் பரப்புள்ள தாவரவியல் தோட்டத்துக்கு வெயில் ஏறுமுன் சென்றுவிட வேண்டும். ஜாதிக்காய், கிராம்பு வணிகத்தில் டச்சுக்காரர் வைத்திருந்த தனியுரிமையை உடைக்க எண்ணிய பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சு அதிகாரி, அந்தச் செடிகளை இத்தீவுக்கு வரவழைத்து 1770ஆம் ஆண்டளவில் இங்கே வளர்க்கத் தொடங்கினார். அதனால் நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் சரக்குகளை இங்கே மரமாகவே பார்க்கலாம். உதிர்ந்து கிடக்கும் பட்டை இலையைக் கசக்கி முகர்ந்தால் அடையாளம் உடனே விளங்கிவிடும். மரங்களின் பெயர் தெரிய வேண்டுமானால் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. கட்டணத்தை முதலிலேயே பேசி முடித்துக்கொள்க.

நீண்ட குளத்தில் விளிம்பு மடிந்த தாம்பாளங்களைப் போல மிதக்கும் விக்டோரியா அல்லி இலைகளை எல்லாரும் மேலிருந்தே பார்ப்பார்கள். கரையோரம் மடங்கிய இலை எதுவும் இருந்தால் அதன் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள்: தடித்த நரம்புகளும் அவற்றின்மேல் கூரிய முட்களும் தெரியும். அதன் பூ முதல் நாள் மாலையில் வெள்ளையாக மணத்தோடு விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகிவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான கோடை மாதங்களே இதற்கு ஏற்றவை. மழையும் கொசுவும் அப்போதுதான் மிகுதி என்பதால் குடையும் கொசு மருந்தும் உடன் இருக்கட்டும்.

தாளிப்பனையைத் தவறவிடாதீர்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே முறை உச்சியில் பெருங்குலையாகப் பூத்து, காய்த்தபின் அம்மரம் பட்டுப்போகும். ஓலைச்சுவடிக்கு அதன் ஓலையும் பயன்பட்டது என்பதால் நமக்கு அது அந்நியமான மரமன்று. மொரிஷியஸின் முதல் பிரதமர் சீவூசாகர் ராம்கூலத்தின் நினைவிடமும் இத்தோட்டத்தில்தான் உள்ளது. 1988 முதல் தோட்டமும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆமைகளையும் மான்களையும் குழந்தைகள் விரும்புவர். பெரியவர்கள் அங்கே அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை.

வெளியே வந்தால் 1756இல் கட்டப்பட்ட புனித பிரான்சிஸ் தேவாலயத்தைச் சிறிது நேரத்தில் பார்த்துவிடலாம். பிறகு ‘போ பிளான்’ என்ற இடத்துக்குச் செல்லுங்கள். தொலைவு அதிகமில்லை எனினும் வழியில் வண்டிகள் விரைந்து செல்வதால், சிறு பிள்ளைகளுடன் வருவோர் டாக்சி பிடிப்பதே மேல். 1999இல் மூடப்பட்ட கரும்பாலை அங்கே 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய இயந்திரங்களுக்கு இடையே அடிமைகளின் கதையும் ஒப்பந்தக் கூலிகளின் கதையும் விரிவாகச் சொல்லப்படுவதால், குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். இறுதியில் சுவை பார்க்கத் தரும் சர்க்கரை வகைகளில் கருநிறமானதை விட்டுவிடாதீர்கள். வெல்லத்தை நன்கு அறிந்த நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும்.

பசிக்குத் தால் பூரி போதும். பருப்பு அடைத்த அந்த மெல்லிய ரொட்டியைப் பீன்ஸ் கறியோடும் மிளகாய்ச் சட்னியோடும் சுருட்டித் தருவார்கள். காரம் ஆகாதவர்கள் சட்னியைக் குறைக்கச் சொல்லிவிட வேண்டும். இருட்டிய பின் பேருந்துகள் குறைந்துவிடும் என்பதால், திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.