பழைய வண்டிக்குப் புதிய இன்ஜின்: கணக்கைச் சக்கரத்தில் தொடங்காததால் வரும் தவறுகள்

பழைய ஜீப், பழைய லேண்ட் ரோவர், பழைய லேண்ட் குரூசர் என எதை வைத்திருப்பவருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். உருவம் அப்படியே இருக்க வேண்டும்; உள்ளே மட்டும் சாவியைத் திருப்பியதும் கிளம்பும் இன்ஜின் வேண்டும். ஆசையில் குற்றமில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பின் 2.2 லிட்டர் இன்ஜின் தந்தது 60 குதிரைத்திறன். 1958இல் லேண்ட் ரோவருக்கு வந்த 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 80ஐக்கூட எட்டவில்லை. மலைச்சாலையில் பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க ஊர்ந்து ஏறுவதை எத்தனை காலம்தான் ரசிக்க முடியும்?

ஆனால் பாதியில் நின்றுபோன மாற்றங்களையும், முடிந்தும் யாரும் ஓட்ட விரும்பாத வண்டிகளையும் உற்றுப் பார்த்தால், இன்ஜின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உடைந்ததும் கொதித்ததும் அறுந்ததும் அதைச் சுற்றியிருப்பவை. வேலை நடந்த வரிசைதான் இதற்குக் காரணம். மலிவாகக் கிடைக்கிறது என்று முதலில் இன்ஜினை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அதற்கேற்ற கியர்பாக்ஸ், பிறகு ரேடியேட்டர், கடைசியில் பணமும் பொறுமையும் மிச்சமிருந்தால் ஆக்சிலும் பிரேக்கும். கணக்கு தொடங்க வேண்டியது மறுமுனையில்: சக்கரம் எவ்வளவு தாங்கும், எந்த வேகத்தில் சுழல வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்பதில். இன்ஜின் தேர்வு அந்தக் கணக்கின் விடையாக வர வேண்டும்.

உச்சத் திறனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

பழைய இன்ஜின்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்குவது எளிது. டொயோட்டாவின் பழைய லேண்ட் குரூசரான எஃப்ஜே40இன் ஆறு சிலிண்டர், 3.9 லிட்டர் எஃப் இன்ஜினுக்கு 125 குதிரைத்திறன்தான். ஆனால் பெரிய கொள்ளளவும் கனத்த ஃப்ளைவீலும் இருப்பதால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே, அணைந்துபோகாமல், ஐட்லிங் வேகத்தில் பாறை மேல் ஏறும். இன்றைய 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் விவரத்தாளில் அதை எளிதாகத் தோற்கடிக்கலாம். டர்போ அழுத்தம் உருவாகும் முன்போ, அது வெறும் 1.5 லிட்டர் இன்ஜின்தான். பாறையில் ஊரும் வண்டி பெரும்பாலான நேரத்தைக் கழிப்பது அந்தக் குறைந்த சுழற்சியில்தான். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் மிதிக்கிறார், டர்போ சட்டென்று எழும்ப, வண்டி பாறையிலிருந்து குதிக்கிறது. முன்பு நிதானமாகக் கடந்த தடையை இப்போது பாய்ந்து கடக்க வேண்டியிருக்கிறது.

எனவே விவரத்தாளில் உச்சத் திறனைவிட முறுக்குவிசை (இன்ஜின் தண்டைச் சுழற்றும் விசை) வரைபடத்தின் இடதுபுறத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1,000 முதல் 1,500 சுழற்சி வரை என்ன கிடைக்கிறது? அது குறைவு என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) இன்னும் தாழ்ந்த விகிதம் தேவைப்படும். அந்தச் செலவையும் இன்ஜினின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைப் பயணத்துக்கே வண்டி வேண்டும் என்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும். இரண்டும் வேண்டும் என்று சொல்பவர்களே அதிகம் செலவழிக்கிறார்கள்.

ஆக்சிலுக்குப் போய்ச் சேரும் விசையைக் கணக்கிடாமல் விடுவது

இதற்குப் பெருக்கல் தெரிந்தால் போதும். வில்லிஸ் எம்பி இன்ஜினின் முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 2.665, டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்வு விகிதம் 1.97, ஆக்சிலில் உள்ள டிஃபரன்ஷியல் கியரின் விகிதம் 4.88. எல்லாவற்றையும் பெருக்கினால் சக்கரங்களுக்கு அதிகபட்சம் 3,640 நியூட்டன் மீட்டர் அளவில் போகிறது. வண்டியை வடிவமைத்தவர்கள் அதன் ஆக்சிலை இதற்குத்தான் அளவெடுத்தார்கள். அதே இடத்தில் 400 நியூட்டன் மீட்டர் தரும் டர்போ டீசலையும், முதல் கியர் விகிதம் 4 உள்ள இன்றைய கியர்பாக்ஸையும் வையுங்கள். எண் 15,000ஐத் தாண்டுகிறது.

சேற்றிலும் மணலிலும் அவ்வளவு விசை ஒருபோதும் ஆக்சிலை எட்டாது. அதற்கு முன்பே டயர் சுழன்று விட்டுக்கொடுத்துவிடும். அதனால்தான் பலருக்கு முதல் சில மாதங்கள் எந்தச் சிக்கலும் வருவதில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சக்கரம் சிக்கி, டயருக்கு நழுவ வழியே இல்லாத நேரத்தில்தான் உடைகிறது. உடையும் இடமும் பெரும்பாலும் வண்டியை வெளியே இழுத்து வர முடியாத இடமாக இருக்கும்.

லேண்ட் ரோவரின் பழைய சீரீஸ் வகை வண்டிகளில் அதே நிறுவனத்தின் 200டிடிஐ டர்போ டீசல் இன்ஜினைப் பொருத்துவது இதற்கு நல்ல பாடம். அது பழைய இன்ஜினின் வழியில் வந்ததே என்பதால் சீரீஸ் கியர்பாக்ஸுடன் நேரடியாகப் பொருந்தும். இந்த வகை மாற்றங்களில் மிகவும் இசைவானவற்றுள் ஒன்று என்றே சொல்வேன். ஆனால் பெட்ரோல் இன்ஜின் தந்த 165ஐ ஒட்டிய நியூட்டன் மீட்டருக்குப் பதிலாக இப்போது 260 அளவில் வருகிறது. பத்துப் பல் கொண்ட சீரீஸ் பின் ஆக்சில் ஷாஃப்டுகள் பழைய இன்ஜினுக்கே அவ்வப்போது முறிந்தவை. ஆக்சிலை வலுப்படுத்த முடியாதவர், பழைய ஷாஃப்டுகளோடு ஓட்டும்வரை காலை அடக்கி ஓட்டத்தான் வேண்டும்.

விகிதங்களை அப்படியே விட்டுவிடுவது

அதே வில்லிஸில் 4.88 டிஃபரன்ஷியல், நேரடி மேல் கியர் (விகிதம் 1), 72 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 80 கிலோமீட்டரில் இன்ஜின் சுமார் 2,900 சுழற்சியில் ஓடும். 100 கிலோமீட்டரில் 3,600ஐத் தொடும். 4,000க்குள் அடங்கிவிடும் டீசலை இதில் பொருத்தினால், அதிகத் திறன் இருந்தும் வண்டி பழைய வேகத்திலேயே அலறும். ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட வேகமாக வெளித்தண்டைச் சுழற்றும் மேல் கியர்) உள்ள ஐந்து அல்லது ஆறு கியர் பெட்டி இதற்குத் தீர்வு. டிஃபரன்ஷியல் விகிதத்தை மட்டும் மாற்றிச் சாலை வேகத்தைக் கூட்டுபவர், பாறையில் ஊரும் திறனை அதே அளவுக்கு இழக்கிறார். பெரிய டயர் போடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

இடம் இருக்கிறது என்று பானெட்டைத் திறந்து முடிவு செய்வது

மேலிருந்து பார்த்தால் பழைய வண்டிகளின் இன்ஜின் அறை விசாலமாகத் தெரியும். சிக்கல் அடியில் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை முன்புறம் திட ஆக்சில் உள்ளவை. குழியில் இறங்கும்போது ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் இன்ஜினை நோக்கி மேலே வரும். சாலையில் ஓடும் கார்களுக்காக வார்த்த ஆயில் சம்ப் (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) அங்கே தொங்கிக்கொண்டிருந்தால் முதல் பெரிய பள்ளத்திலேயே அடிபடும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது விரல் அளவு இடைவெளி தெரிந்தால் அது போதாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்சிலை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலேறுவதைத் தடுத்து நிறுத்தும் கட்டை) வரை உயர்த்தி, இரு பக்கமும் மாறி மாறிச் சாய்த்து, ஸ்டீயரிங்கையும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகே இன்ஜின் மவுண்ட்டை வெல்டு செய்ய வேண்டும். அதுவரை தற்காலிகப் பற்றவைப்பு போதும்.

டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வில்லிஸ் தொடங்கி, அதன் வழிவந்த சிஜே வரிசை வரை உள்ள ஜீப்புகளில் முன் டிஃபரன்ஷியல் வலப்புறம் இருக்கிறது. 1980களின் பிற்பாதியில் வந்த ஜீப் ரேங்ளரில் அது இடப்புறம் போய்விட்டது. எஃப்ஜே40இலும் வலப்புறம்தான். புதிய இன்ஜினோடு அதன் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்து வாங்கியவர், முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் வெளிவருவதைப் பொருத்தும் நாளில்தான் கண்டுபிடிக்கிறார்.

குட்டையான வண்டிகளில் நீளமும் ஒரு தொல்லை. எம்பியின் சக்கர இடைத்தூரம் 80 அங்குலம் மட்டுமே. நீளமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அதில் திணித்தால் பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் முழங்கை நீளத்துக்குச் சுருங்கி, செங்குத்தாகச் சரிந்து நிற்கும். யுனிவர்சல் ஜாயிண்ட் அந்தக் கோணத்தில் நெடுநாள் உழைக்காது; அதிர்வும் போகாது.

ஸ்டீயரிங் தண்டுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி, டர்போவின் உயரம், ஸ்டார்ட்டர் இருக்கும் பக்கம் எல்லாமே இந்த அளவெடுப்பில் அடங்கும். மேலே சொன்ன 200டிடிஐயையே எடுத்துக்கொண்டால், டிஸ்கவரியில் வந்த வகையில் டர்போ தாழ்வாக இருப்பதால் சீரீஸ் சேசிஸில் இடிக்கும். டிஃபெண்டர் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே இன்ஜின், ஆனால் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதைப் பொறுத்து வேலையின் அளவே மாறுகிறது.

இன்ஜினை மட்டும் வாங்குவது

இன்றைய இன்ஜின் உலோகம் பாதி, மின்னணு பாதி. கணினி, முழு வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், சென்சார்கள், சாவியோடு இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புக் கருவி) ஆகியவை இல்லாமல் வாங்கிய இன்ஜின் கனமான மேசை அலங்காரம்தான். கேபிள் இல்லாத த்ராட்டில் உள்ள இன்ஜின்களில் பெடலும் த்ராட்டிலும் கணினியும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும். ஏதோ ஒரு பெடலைக் கோத்துவிட முடியாது. ஏபிஎஸ்ஸிலிருந்தும் கியர்பாக்ஸிலிருந்தும் தகவல் வராவிட்டால் சில கணினிகள் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். இடிபட்ட வண்டி ஒன்றை முழுதாக வாங்கி, அது ஓடும் நிலையில் இருக்கும்போதே வயரிங்கில் ஒவ்வொரு இணைப்புக்கும் சீட்டு ஒட்டிக் கழற்றுவதே புத்திசாலித்தனம். மீதியை விற்றால் செலவில் ஒரு பகுதி திரும்பியும் வரும்.

பழைய வண்டியின் மின்சாரத்தையும் பாருங்கள். வில்லிஸ் எம்பி 6 வோல்ட். 1960களின் நடுப்பகுதி வரை வந்த லேண்ட் ரோவர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேசிஸோடு இணைந்திருக்கும். இன்றைய ஆல்டர்னேட்டரையும் கணினியையும் அதில் அப்படியே இணைத்தால் இரண்டும் போய்விடும். துருவும் பெயின்ட்டும் மூடிய சேசிஸை எர்த்தாக நம்புவது அடுத்த பிழை. காரணம் தெரியாமல் இன்ஜின் திணறும்போது சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல், இன்ஜினிலிருந்து பேட்டரிக்கும் சேசிஸிலிருந்து பேட்டரிக்கும் தடித்த எர்த் வயர் போடுங்கள். கணினியைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆற்றைக் கடக்கும் வண்டி இது.

எரிபொருளும் குளிர்விப்பும்

கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 போன்ற இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கு 58 பிஎஸ்ஐ அளவில் வேண்டும். பழைய ரப்பர் குழாயும் சாதாரணக் கிளிப்பும் இதைத் தாங்காது. சூடான புகைக்குழாய் அருகே பெட்ரோல் பீறிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இதைவிட நுட்பமான சிக்கல் டேங்க். தடுப்புகள் இல்லாத பழைய டேங்க்கில் வண்டி சரிவில் சாயும்போது பெட்ரோல் ஒரு மூலைக்கு ஓடிவிடும். கார்புரேட்டர் தன் கிண்ணத்தில் உள்ளதை வைத்துச் சமாளிக்கும். இன்ஜெக்‌ஷன் பம்ப் காற்றை இழுத்த மறுகணமே இன்ஜின் அணையும், அதுவும் செங்குத்தான ஏற்றத்தின் நடுவில். டேங்க்குக்குள் தடுப்போடு கூடிய பம்ப் அல்லது எப்போதும் நிரம்பியிருக்கும் சிறிய துணை டேங்க் தேவை.

ரேடியேட்டர் விஷயத்தில் நெடுஞ்சாலையில் சோதித்துத் திருப்தி அடைவதுதான் தவறு. அங்கே எதிர்க்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். முதல் கியரில் மணலில் திணறும்போது காற்று வருவது விசிறியிலிருந்து மட்டும்தான். அதனால் ரேடியேட்டரின் அகலத்துக்கு இணையாக விசிறியும் அதைச் சுற்றிய உறையும் முக்கியம். டர்போவுக்கு இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) வைத்தால் ரேடியேட்டருக்குப் போகும் காற்று ஏற்கெனவே சூடாகிப் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எல்எஸ் இன்ஜினில் சிலிண்டர் ஹெட்டுகளின் மேலிருந்து நீராவியை வெளியேற்றும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அதை அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது ரேடியேட்டரின் மேற்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்டில் காற்று சிக்கி, மீட்டர் காட்டாத இடத்தில் சூடு ஏறும்.

பிரேக்கும் பதிவும்

ஒற்றைச் சுற்று டிரம் பிரேக்கோடு இரு மடங்கு திறனுள்ள வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவது துணிச்சல் அல்ல. பிரேக் வேலையை இன்ஜினுக்கு முன்பே முடித்துவிடுங்கள். டீசலுக்கு மாறுபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: பெட்ரோல் இன்ஜினைப் போல டீசலின் இன்டேக்கில் வெற்றிடம் உருவாகாது. பிரேக் பூஸ்டருக்குத் தனி வேக்கும் பம்ப் வேண்டும்.

இன்ஜின் எண், எரிபொருள் வகை, புகைச் சோதனை ஆகியவற்றுக்கான விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். வாங்கும் முன்பே பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் பேரம் பேச உங்களிடம் எதுவும் மிச்சமிருக்காது.

பெயின்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேசிஸை மெருகேற்றிப் பெயின்ட் அடித்துவிட்டு அதன் மேல் இன்ஜினைப் பொருத்தத் தொடங்குபவர்கள், பிறகு ஒரு மவுண்ட் இடம் மாற வேண்டும் என்று தெரிந்தாலும் பெயின்ட் கெட்டுவிடுமே என்று வெல்டு செய்யத் தயங்குகிறார்கள். கோணல் அப்படியே தங்கிவிடுகிறது. பெயின்ட் அடிக்காத சேசிஸில் எல்லாவற்றையும் பொருத்தி, சில நூறு கிலோமீட்டர் கரடுமுரடாக ஓட்டி, எது உரசுகிறது, எது ஒழுகுகிறது என்று பார்த்து, திருத்தி, முழுதாகக் கழற்றிய பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டும்.