ஸ்கீ கையுறை வாங்கப் போகிறீர்களா? முதலில் அது எப்படிக் காயும் என்று பாருங்கள்

ஒவ்வொரு தை மாதமும் இதே கதைதான். ரொறொன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருந்து புதிதாகப் பனிச்சறுக்குப் பழக வருகிறவர்கள் ஒன்ராறியோவின் ப்ளூ மவுண்டன் ஸ்கீ மலை அடிவாரத்தில் வந்து நிற்பார்கள். ஹெல்மெற், பூட்ஸ், ஸ்கீ எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கையுறையை மட்டும் பெரும்பாலும் நாமேதான் வாங்கிக்கொண்டு போகவேண்டும். அங்கேதான் பிழை விடுகிறார்கள். நான் பழகத் தொடங்கிய காலத்தில் விட்ட அதே பிழைகளை, வரிசை கூட மாறாமல். மத்தியானத்துக்கு முன்னமே "அண்ணா, கை விறைச்சுப் போச்சு" என்று ஒருவர் லொட்ஜுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். மலைக்கு மேலே ஏற்றிவிடும் லிப்ற்றுக்கு முழு நாளுக்கும் கட்டிய காசு போனது போனதுதான்.

பின்னல் கையுறையோடு மலைக்கு வரக்கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். யோசித்து, விசாரித்து, நல்ல காசு கொடுத்து வாங்குகிறவர்களும் விடும் பிழைகள்தான் இங்கே.

மைனஸ் 30 என்ற லேபலை நம்புவது

ஸ்கீக் கடையில் கையுறையில் தொங்கும் அந்த எண், பெரும்பாலும் அதைச் செய்தவர்களே போட்டுக்கொண்ட மதிப்பு. ஐரோப்பாவில் குளிரில் வேலை செய்கிறவர்களின் கையுறைகளுக்கு ஈஎன் 511 என்றொரு தரம் இருக்கிறது. ஸ்கீக் கையுறையின் லேபல் அப்படி ஒரு பொதுவான பரிசோதனையைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே மைனஸ் 20இல் லிப்ற் கதிரையில் அசையாமல் காற்றுக்கு முகம் கொடுத்து இருப்பவரின் கையும், வேர்க்க வேர்க்க இறங்கி வருபவரின் கையும் ஒன்றாக இருக்காது.

இன்னொன்று. தெற்கு ஒன்ராறியோவில் நமது பிரச்சினை மைனஸ் 30 அல்ல. ஜோர்ஜியன் பேயின் ஈரம் முழுக்க இந்தப் பக்கம்தான் வந்து கொட்டுகிறது. மைனஸ் 15இல் விழும் பனி தூள். கையைத் தட்டினால் உதிர்ந்துவிடும். பூச்சியத்தை ஒட்டிய நாளில் விழும் பனி கையுறையில் ஒட்டி, உருகி, உள்ளே இறங்கும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நான் பார்த்தவரையில் கை நோகுது என்று அழுதவர்களில் கனபேர் மைனஸ் 2, மைனஸ் 3 நாட்களில் அழுதவர்கள்தான்.

அதற்காக உண்மையான குளிரை அலட்சியம் பண்ணச் சொல்லவில்லை. காற்றோடு சேர்த்த குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால், திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடிய வானிலைத் துறையே எச்சரிக்கிறது. கியூபெக்கின் மொன்-ட்ரொம்ப்லான் மலைப் பக்கம் போகிறவர்கள் இதை மனதில் வைத்திருக்கவேண்டும்.

தடிப்பைப் பார்த்து வாங்குவது

கடையில் நின்று கையுறையைப் பிசைந்து பார்த்து, "நல்ல மொத்தமாக இருக்கு" என்று எடுத்துவிடுவார்கள். சூட்டைக் காப்பது பஞ்சுக்குள் அடைபட்ட காற்று. ஸ்கீக் கம்பை இறுக்கிப் பிடித்ததும் உள்ளங்கைப் பக்கப் பஞ்சு அமுங்கிவிடும். அங்கே எவ்வளவு அடைத்தாலும் பிரயோசனம் இல்லை, கம்பைப் பிடிக்கத்தான் கஷ்டம். நல்ல கையுறையில் புறங்கையில் பஞ்சு கூடவாகவும் உள்ளங்கையில் குறைவாகவும் இருப்பது இதனால்தான்.

பஞ்சிலும் வித்தியாசம் உண்டு. இறகு வைத்தது மிக இதமானது. நனைந்தால் சுருண்டு ஒன்றுக்கும் உதவாது. தின்சுலேற், பிரைமாலொஃப்ற் போன்ற செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு தாங்கும். நமது ஈரப் பனிக்கு இரண்டாவதுதான் சரி. கை சீக்கிரம் விறைக்கிற ஆட்கள் பேசாமல், நாலு விரலும் ஒரே உறைக்குள் இருக்கும் மிற்றன் வாங்குங்கள். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும்; அதற்கு ஈடான ஐந்து விரல் கையுறை இல்லை.

காயாத கையுறையை வாங்குவது

இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. கையுறை நனையும். எவ்வளவு விலை கொடுத்தாலும் நனையும். வெளியிலிருந்து பனி, உள்ளேயிருந்து வேர்வை. ஒரு நாள் போய்விட்டு வீட்டுக்கு வருகிறவருக்குப் பிரச்சினை இல்லை, அடுத்த கிழமைக்குள் காய்ந்துவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஸ்கீ செய்ய அறை எடுத்துத் தங்குகிறவருக்கு இருப்பது ஒரே ஒரு இரவு. அந்த இரவுக்குள் இது காயுமா என்று கடையில் யாரும் யோசிப்பதில்லை.

ஒரு தம்பி ஆட்டுத்தோல் கையுறை வாங்கிக்கொண்டு வந்தார். அருமையான தோல், உள்ளே தண்ணீர் புகாத சவ்வு, 180 டொலர். சனிக்கிழமை பூச்சியத்தை ஒட்டிய நாள். புதிதாகப் பழகுகிறவர், விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, பொழுதுபடும்போது இரண்டு கையுறையும் உள்ளும் புறமும் ஈரம். அறைக்குப் போய் ஈரக் கையை வெடுக்கென்று இழுத்திருக்கிறார். உள் துணி விரலோடு சேர்ந்து பிதுங்கி வெளியே வந்துவிட்டது. பேனையால் குத்திக் குத்தி விரல் விரலாக உள்ளே தள்ளியிருக்கிறார். நடுவிரல் மட்டும் கடைசிவரை போகவில்லை. பிறகு இரண்டையும் யன்னலுக்குக் கீழே இருந்த ஹீற்றருக்கு மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் அவை கருவாடு மாதிரிக் கிடந்தன. தோல் சுருங்கி, விரல்கள் மடிந்தபடியே இறுகிவிட்டன. பலவந்தமாகக் கையை நுழைத்தபோது பெருவிரல் தையல் விட்டது. பத்து மணிக்கெல்லாம் அதன் வழியாகத் தண்ணீர். "கம்பனிக்காரன் ஏமாத்திப்போட்டான் அண்ணா" என்கிறார்! ஹீற்றரில் சுட்ட தோலுக்கு எந்தக் கடைக்காரர் மாற்றுத் தருவார்?

பழி தம்பி மேல் மட்டும் இல்லை, அவர் வாங்கிய கையுறையிலும் இருக்கிறது. வெளி ஈரத்தைத் தடுக்கும் சவ்வுதான் உள் ஈரத்தையும் காயவிடாமல் பிடித்து வைக்கிறது. 1969இல் பொப் கோர் கண்டுபிடித்த, பிறகு கோர்-ரெக்ஸ் என்று பெயரெடுத்த சவ்வும் சரி, மற்றக் கம்பனிகளின் சவ்வும் சரி, தண்ணீர்த் துளியை மறித்து நீராவியை மட்டும் விடும். அந்த நீராவியை வெளியே தள்ளுவது கையின் சூடு. கையுறையைக் கழற்றி வைத்ததும் அந்தச் சூடும் இல்லை. உள்ளே தேங்கிய ஈரத்துக்கு மணிக்கட்டு வாய் ஒன்றுதான் வழி. பனிக்கு நன்றாக மூடியிருக்கும் கையுறைதான் இரவில் மிக மெதுவாகக் காயும்.

அதனால் லைனரை, அதாவது உள் உறையை, தனியே கழற்றக்கூடிய கையுறையை வாங்குங்கள். லைனரை ஒரு பக்கம், வெளிக் கூட்டை ஒரு பக்கம் தொங்கவிட்டால் காலைக்குள் காய்ந்திருக்கும். இரண்டு சோடி லைனர் இருந்தால் மத்தியானமே மாற்றிவிடலாம். கழற்ற முடியாத லைனர்தான் வேண்டும் என்றால், கடையிலேயே ஒரு சோதனை: கையுறையைப் போட்டு, கையைச் சற்று மடக்கி, வேகமாக உருவுங்கள். உலர்ந்த கையோடே உள் துணி கூட வருகிறது என்றால் விரல் நுனியில் அதைச் சரியாகப் பிடித்துத் தைக்கவில்லை. ஈரக் கையோடு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதைத் திரும்ப வைத்துவிட்டு வாருங்கள்.

காய வைப்பதற்கு: சுருட்டிய செய்தித்தாளை வெளிக் கூட்டுக்குள் திணித்து, ஒரு மணித்தியாலத்தில் மாற்றுங்கள். பிறகு விரல் மேலே, வாய் கீழே இருக்கும்படி காற்றோட்டத்தில் வையுங்கள். மின்விசிறி போதும். ஹீற்றர், அடுப்பங்கரை, காரின் கண்ணாடிக்கு அடிக்கும் சூட்டுக் காற்று மூன்றும் கூடாது. தோலை நெகிழ்வாக வைத்திருப்பது பதனிடும்போது ஏற்றிய எண்ணெய். ஈரத் தோலில் சூடு பட்டால் நார்கள் சுருங்கும், எண்ணெயும் போய்விடும். சவ்வை ஒட்டிய பசையும் சூட்டில் விட்டுவிடும்.

கார் நிறுத்தும் இடத்திலிருந்தே கையுறையைப் போட்டுக்கொண்டு, ஸ்கீயைத் தோளில் சுமந்து நடந்து, லிப்ற் வரிசைக்கு வரும்போதே வேர்வையில் நனைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

தோல் என்றால் தோல்தான் என்று நினைப்பது

ஆட்டுத்தோல் மெல்லியது, ஆனால் பலமானது. கை நன்றாக வளையும். மாட்டுத்தோல் தடிப்பு, பழக நாள் எடுக்கும், நீண்டகாலம் உழைக்கும். செம்மறித்தோல் மிருது, சீக்கிரம் கிழியும். உள்ளங்கையில் ஒட்டிய பிளாஸ்ரிக் தோல் ஒன்றிரண்டு பருவத்தில் உரியத் தொடங்கும். ஸ்கீயின் இரும்பு விளிம்பு கத்தி மாதிரிக் கூர். அதைச் சுமக்கும் கைக்கு உண்மையான தோல் தேவை.

1936இல் சுவீடனில் மரம் வெட்டுகிறவர்களுக்காகத் தொடங்கிய ஹெஸ்த்ராவின் கையுறை எல்லாராலும் வாங்க முடியாது. வட அமெரிக்க மலைகளில் லிப்ற் ஓட்டுகிறவர்கள் பலர் போடுவது கின்கோவின் பன்றித்தோல் கையுறை. விலை அதில் ஒரு சிறு பங்குதான். பன்றித்தோல் வேண்டாம் என்பவர்கள் லேபலைப் பார்த்து வாங்குங்கள். எந்தத் தோலானாலும் முதல் நாள் போடுவதற்கு முன்பே தேன்மெழுகுப் பசையைக் கைச்சூட்டிலேயே தேய்த்து ஊறவிடுங்கள். தையல் வரிகளுக்கு இரண்டாம் தடவையும் பூசுங்கள். நடுப் பருவத்தில் திரும்பவும்.

சின்ன சைஸ்

இறுகிய கையுறை விரலுக்கு வரும் இரத்தத்தை நெரிக்கும். அதற்குள் இன்னொரு கம்பளிக் கையுறையைத் திணிப்பது இன்னும் மோசம். போட்டு முட்டி பிடித்துப் பாருங்கள்: புறங்கை இழுபடக்கூடாது, விரல் நுனியில் அரைச் சென்ரிமீற்றர் இடம் இருக்கவேண்டும்.

பருத்தி லைனர்

வேண்டாம். மெரினோ கம்பளி, இல்லாவிட்டால் பட்டு.

மணிக்கட்டை மறப்பது

இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்கும் ஸ்நோபோட் பழகுகிறவர்களுக்கு இது. விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. புதியவர்களுக்கு மணிக்கட்டுதான் அதிகம் உடைகிறது. மணிக்கட்டுக் காப்பை முதலில் வாங்கி, அதைப் போட்டபடியே கையுறை பாருங்கள். பனியில் உட்கார்ந்து பலகையின் கட்டைப் பூட்ஸில் மாட்டுகிறவர்கள் நீங்கள். ஸ்கீக்காரரைவிட உங்கள் கை அதிகம் நனையும். ஜக்கெற் கைக்கு மேலால் வந்து, நுனியில் இழுத்து இறுக்கும் கயிறு உள்ள நீண்ட வாய்தான் உங்களுக்கு நல்லது.

சூட்டுப் பொட்டலத்தை நம்பி மலிவுக் கையுறை

பொட்டலத்துக்குள் இரும்புத்தூள் இருக்கிறது. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் சூடாகும். ஈரக் கையுறைக்குள் மூடி வைத்தால் காற்றில்லாமல் அணைந்துவிடும். கால் மணித்தியாலம் முன்பே பிரித்து ஜக்கெற் பொக்கற்றில் வைத்து, பிறகு புறங்கைப் பக்கம் லைனருக்கு மேல் வையுங்கள்.

போன் தொடும் விரல் நுனி

அதற்காக ஒரு டொலரும் கூடக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பெரிய சைஸ்

"அடுத்த வருசமும் போடலாம்" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிக் கொடுத்தால் பிள்ளை கம்பைப் பிடிக்காது, கையுறை கழன்று விழும், வாய் வழியாகப் பனி போகும். முழங்கைவரை வரும் மிற்றனும், மணிக்கட்டில் மாட்டும் கயிறும் இருந்தால் போதும். விலை கூடிய ஒரு சோடியைவிட நடுத்தர விலையில் இரண்டு சோடி நல்லது. சாப்பாட்டுக்கு உள்ளே வந்ததும் ஈரமானதைக் கழற்றிவிட்டு மற்றதைப் போட்டு அனுப்புங்கள்.