லினக்ஸ் இன்ஸ்டால் பாதியில் நிற்கிறதா? ஆஃப் செய்யும் முன் இதைப் பாருங்கள்

குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் பள்ளிக் கணினியில் பார்ப்பது, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ்தான். கேரளத்தில் 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் 2017-ல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. அவர்கள் பள்ளிகளுக்குத் தரும் கைட் லினக்ஸ் 22.04, உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பிலும் அதையே போட்டுவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். இன்ஸ்டால் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை பாதியில் நகராமல் நின்றதும் எனக்குப் போன் வருகிறது: "அண்ணா, ரொம்ப நேரமா அப்படியே நிக்குது. ஆஃப் பண்ணிடட்டுமா?"

இப்போதே வேண்டாம். எங்கே நின்றது, எப்படி நின்றது என்று பார்த்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

படி 1: உயிர் இருக்கிறதா?

மவுஸை அசையுங்கள். கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே விழித்துத்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கினால் வேலை நடக்கிறது, காத்திருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகளை எழுதும் கட்டம் மெதுவாகத்தான் போகும். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாவிட்டால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள்.

படி 2: நெட்டைத் துண்டியுங்கள்

உயிர் இருந்தும் பட்டை நகரவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது நெட்டைத்தான். இன்ஸ்டாலர் நடுவில் அப்டேட்டுகளையும் மொழித் தொகுப்புகளையும் இறக்கப் பார்க்கும். மலைச்சரிவில் சிக்னல் ஒரு கோடாக இருந்தால் அது அங்கேயே உட்கார்ந்துவிடும். பட்டையின் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே ஓடும் வரிகள் தெரியும். கோப்பு இறக்கும் வரியில் நிற்கிறது என்றால் 'ஸ்கிப்' பொத்தானை அழுத்துங்கள், பிறகு இறக்கிக்கொள்ளலாம். அடுத்த முறை வைஃபையில் சேராமலே, 'டவுன்லோட் அப்டேட்ஸ்' என்ற கட்டத்தில் உள்ள டிக்கையும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். (உபுண்டு 24.04-ல் இன்ஸ்டாலரின் முகம் மாறிவிட்டது. இங்கே சொல்வது 22.04-க்கு.)

படி 3: ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்திலா?

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால், இன்ஸ்டால் செய்யப் பயன்படுத்தும் பென்டிரைவையோ ஹார்ட் டிஸ்க்கையோ சந்தேகப்படுங்கள். ஒரு முறை பாதியில், மறுமுறை தொடக்கத்திலேயே என்று மாறி மாறி நின்றால் ராம் மீது கண் வையுங்கள்.

பென்டிரைவில் தொடங்குங்கள், அதுதான் மலிவு. இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு (லினக்ஸ் மொத்தமும் அடங்கிய ஒரே கோப்பு) முழுசாக வந்ததா என்று பார்க்க, விண்டோஸில் செவன்-ஜிப் என்ற செயலி இருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணை எடுங்கள். இறக்கிய தளத்தில் உள்ள எண்ணோடு ஒரு எழுத்து வேறுபட்டாலும் மறுபடி இறக்குங்கள். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எழுத பலேனா எட்சர் என்ற செயலி நல்லது. எழுதியதைத் தானே சரிபார்க்கும். கடைசியில் ஓடும் அந்தச் சரிபார்ப்பை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

அப்புறம், நேராக 'இன்ஸ்டால்' போகாமல் 'ட்ரை உபுண்டு' கொடுத்து உள்ளே போய், அங்கிருந்து இன்ஸ்டாலைத் தொடங்குங்கள். நின்றாலும் மற்ற ஜன்னல்களைத் திறந்து பார்க்கலாம். 'லாக்ஸ்' என்ற செயலியில் 'ஸ்குவாஷ்-எஃப்எஸ் எரர்' என்று வந்தால் பென்டிரைவோ ஐஎஸ்ஓவோ கெட்டது. 'ஐ/ஓ எரர்' என்று வந்தால் பக்கத்தில் எந்த டிஸ்க்கின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 'டிஸ்க்ஸ்' செயலியில் அந்தப் பெயரும் அளவும் தெரியும். அது ஹார்ட் டிஸ்க் என்றால், அங்கேயே மெனுவில், டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் சோதனை உண்டு. 'பெண்டிங் செக்டார்' (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேலே இருந்தால், இன்ஸ்டாலை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் போட்டோக்களை முதலில் காப்பாற்றுங்கள். கம்பத்துக்கோ தேனிக்கோ இறங்கும்போது ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுவதே புத்திசாலித்தனம். பழைய லேப்டாப்புக்குப் புது வேகமும் வரும்.

ராம் என்றால்: பேட்டரியைக் கழற்றி, ராமை எடுத்து, அதன் தங்க நிற விளிம்பை அழி ரப்பரால் மெல்லத் துடைத்து, திரும்ப அழுத்தி மாட்டுங்கள். மழைக்காலம் முழுக்க ஈரத்தில் ஊறும் ஊரில் இது அடிக்கடி தேவைப்படும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

படி 4: லோகோவிலேயே நின்றால்

அது பெரும்பாலும் கிராபிக்ஸ் தகராறு. பென்டிரைவிலிருந்து தொடங்கியதும் வரும் முதல் மெனுவில் 'சேஃப் கிராபிக்ஸ்' வரியைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: மறுபடி தொடங்கும்போது

லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி தொடங்கும், கரண்டும் போகும், காலையிலேயே முடித்துவிடுங்கள். விண்டோஸ் அதே டிஸ்க்கில் இருந்தால் 'எரேஸ் டிஸ்க்' பக்கமே போகக் கூடாது, எல்லாம் அழிந்துவிடும். 'சம்திங் எல்ஸ்' போய், முந்தைய முயற்சி விட்டுச்சென்ற பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதியை) மட்டும் நீக்குங்கள். எது எது என்று புரியாவிட்டால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் கொடுத்ததும் திரை கறுப்பாகி நின்றால் அது நின்றதல்ல. பென்டிரைவை எடுக்கச் சொல்லும் வரி சில நேரம் திரையில் வராது. பென்டிரைவை உருவிவிட்டு என்டர் தட்டுங்கள்.