இப்சனை ஆராயத் தொடங்குவது எப்படி? 'பொம்மை வீடு' வழியாக ஒரு செய்முறை

நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனைப் பற்றி ஆய்வு செய்யக் கிளம்பும் பலர் எடுத்த எடுப்பிலேயே விமர்சன நூல்களுக்குள் போய்விடுகிறார்கள். பெண்ணியம், யதார்த்தவாதம் என்று பெரிய சொற்கள் வந்து சேரும். நாடகம் கைநழுவிப் போகும். பிரதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1879-இல் வெளிவந்த 'பொம்மை வீடு' நாடகத்தை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

படி 1: ஒரே ஒரு காட்சியை எடுங்கள்

கடைசிக் காட்சி போதும். நோரா விருந்து வேடத்தைக் களைந்து அன்றாட உடைக்கு மாறி வருகிறாள். கணவன் ஹெல்மரை மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பேசுகிறாள். எட்டு வருட மணவாழ்வில் இருவரும் மனம்விட்டுப் பேசுவது அதுவே முதல்முறை. பிறகு குழந்தைகளையும் விட்டுவிட்டு வெளியேறுகிறாள். கீழே வாசற்கதவு அறைந்து சாத்தப்படும் ஓசை கேட்கிறது. வசனத்தை மட்டும் படிக்காதீர்கள். உடை, இருக்கை, கதவு என்று மேடைக்குறிப்புகளைத் தனியாக எழுதி வையுங்கள். இப்சன் பாதிக் கதையை அவற்றில்தான் சொல்கிறார்.

படி 2: நம்பகமான பதிப்புக்குப் போங்கள்

ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் 'ஹென்ரிக் இப்சன்ஸ் ஸ்க்ரிஃப்டர்' என்ற ஆய்வுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாடகங்கள், கடிதங்கள், கைப்பிரதிகள், விளக்கக் குறிப்புகள் எல்லாம் அதில் உண்டு. நார்வேஜிய மொழி தெரியாவிட்டால் உலாவியின் மொழிபெயர்ப்பை வைத்துச் சாரத்தைப் பிடிக்கலாம். ஆனால் மேற்கோள் காட்டும்போது அச்சில் வந்த மொழிபெயர்ப்பையே பயன்படுத்துங்கள்.

படி 3: பிரதி எங்கே மாறியது என்று பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். 1880-இல் ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, குழந்தைகளை விட்டுப் போகும் முடிவை ஏற்க மறுத்தார். அப்போது ஜெர்மனியில் இப்சனின் படைப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் முடிவை மாற்றி எழுதிவிடலாம். அதனால் இப்சனே மாற்று முடிவொன்றை எழுதிக் கொடுத்தார். அதில் ஹெல்மர் நோராவைக் குழந்தைகளின் அறைவாசலுக்கு அழைத்துப் போகிறான். தூங்கும் பிள்ளைகளைக் கண்டு அவள் அங்கேயே சரிந்துவிடுகிறாள். 1880 பிப்ரவரியில் டேனிஷ் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், இது நாடகத்தின் மீது நிகழ்த்தப்பட்ட காட்டுமிராண்டித்தனமான வன்முறை என்று இப்சனே கண்டித்தார்.

இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதவு எங்கெல்லாம் வருகிறது என்று குறியுங்கள். ஒன்றில் நோரா கதவைத் தாண்டிப் போகிறாள். மற்றதில் கதவருகே விழுகிறாள். நல்ல ஆய்வுக் கேள்வி இப்படிப்பட்ட இடத்தில்தான் கிடைக்கும்.

அப்புறம், 1878 அக்டோபரில் ரோமில் அவர் எழுதிய முன்குறிப்புகளையும் படியுங்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என மனசாட்சியின் சட்டங்கள் இரண்டு. ஆனால் நடைமுறையில் பெண்ணுக்கும் ஆணின் சட்டப்படியே தீர்ப்பு என்கிறார். கடைசிக் காட்சி எங்கிருந்து வந்தது என்று இதில் தெரியும்.

படி 4: மேடை வரலாறு

'இப்சன்ஸ்டேஜ்' என்ற தரவுத்தளத்தில் நாடகத்தின் பெயர், நாடு, ஆண்டு கொடுத்துத் தேடினால் நிகழ்த்துதல்களின் பட்டியல் வரும்.

படி 5: இனி விமர்சனம்

சரி, இப்போது 'இப்சன் ஸ்டடீஸ்' போன்ற ஆய்விதழ்களைத் திறக்கலாம். "இப்சனும் பெண்களும்" போன்ற தலைப்பு வேண்டாம். அது எங்கும் போய்ச் சேராது. "பதிப்புரிமை இல்லாத நிலை 'பொம்மை வீடு' நாடகத்தின் ஜெர்மன் முடிவை எப்படி மாற்றியது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உதவும் கட்டுரைகளை மட்டும் முதலில் படியுங்கள்.