இரு நகரங்களுக்கு இடையிலான விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

தட்டையான வரைபடத்தில் இரு நகரங்களை இணைத்து வரையும் நேர்கோடு பெரும்பாலும் விமானம் செல்லும் வழி அன்று. பூமி உருண்டையானதால், அதன் பரப்பில் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின், அதாவது பூமியின் மையத்தையே மையமாகக் கொண்டு அதன் பரப்பில் வரையும் வட்டத்தின், வில்லாக அமைகிறது. லண்டனிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் தேவையின்றி வடக்கே வளைந்து போவதுபோல் வரைபடத்தில் தோன்றுவது இதனால்தான்.

தூரம் காண, இரு நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள் போதும். முதலில் இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். பிறகு அவற்றின் கொசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கி, முந்தைய விடையுடன் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் நேர்மாறு கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) பாகையில் ஒரு கோணத்தைத் தரும். ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். லண்டன் வடக்கு 51.5, மேற்கு 0.1 பாகை, நியூயார்க் வடக்கு 40.7, மேற்கு 74.0 பாகை. சைன் பெருக்கல் 0.510, கொசைன் பெருக்கல் 0.131 ஆகிய இரண்டையும் கூட்டினால் 0.641, கோணம் 50.1 பாகை, தூரம் சுமார் 5,570 கிலோமீட்டர். கால்குலேட்டர் பாகை அளவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் கழித்தல் குறி இட வேண்டும்.

தூரம் ஒன்றே, நேரம் அப்படியன்று. பெரிய ஜெட் விமானங்கள் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. தூரத்தை இந்த வேகத்தால் வகுத்து, மேலேறவும் இறங்கவும் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் சேர்த்தால், இந்த வழிக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் வருகிறது. ஆனால் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம், குறிப்பாகக் குளிர்காலத்தில், இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. அதனால் லண்டனிலிருந்து நியூயார்க் செல்லச் சுமார் 8 மணி நேரமும், திரும்பி வரச் சுமார் 7 மணி நேரமும் ஆகின்றன.

பலரும் தடுமாறுவது டிக்கெட்டைப் படிக்கும்போதுதான். அதில் உள்ள புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். காலை 11 மணிக்கு லண்டனில் புறப்பட்டுப் பிற்பகல் 2 மணிக்கு நியூயார்க் சேர்வதாக இருந்தால், பயணம் மூன்று மணி நேரம் அன்று. 5 மணி நேர வித்தியாசத்தையும் கூட்டி 8 மணி நேரம். இரு நேரங்களையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிவிட்டுக் கழிப்பதே பிழைக்கு இடம்தராத வழி. அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றும் பிரிட்டன் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னே தள்ளுவதால், இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரமாகக் குறையும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வான்வெளித் தடைகள் இருந்தால் பெருவட்டக் கணக்கு குறைந்தபட்ச அளவு மட்டுமே. 2022இல் ரஷ்ய வான்வெளி பிரிட்டன் விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, முன்பு ஏறக்குறைய 12 மணி நேரமாக இருந்த அவற்றின் லண்டன்–டோக்கியோ பயணம் சுமார் 14 மணி நேரமாக நீண்டது. ஆகவே நீண்ட வழிகளுக்குக் கணக்கு போட்டபின், அதே வழியில் அண்மையில் பறந்த விமானங்களின் உண்மையான நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.