ரயில் ரசிகர்கள் சறுக்கும் இடங்கள்

1830 செப்டம்பர் 15. இங்கிலாந்தில் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையின் திறப்பு விழா. பார்க்சைட் என்ற இடத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பதற்காக ரயில் நின்றது. யாரும் கீழே இறங்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும் ஐம்பது பேர் போல இறங்கித் தண்டவாளத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பாதையில் ராக்கெட் எஞ்சின் வந்தது. மற்றவர்கள் ஒதுங்கிவிட, வில்லியம் ஹஸ்கிஸன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும் தடுமாறி விழுந்தார். கால் நசுங்கி, அன்றிரவே இறந்துபோனார்.

இந்த ஒரு சம்பவத்தில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, அவர் செய்த தவறு. நின்றிருக்கும் ரயிலையே பார்த்துக்கொண்டு, அடுத்த பாதையை மறப்பது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்தும் கேமராவோடு போகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தவருக்குப் பக்கவாட்டில் நடப்பது தெரியாது. முன்பக்கமிருந்து பார்க்கும்போது ரயிலின் வேகமும் பிடிபடாது, மின்சார எஞ்சினாக இருந்தால் சத்தமும் கிட்ட வந்த பிறகுதான் கேட்கும். வேகமாக வரும் ரயில் அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகலாம். பெட்டியின் உடம்பு தண்டவாளத்தைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. மின்பாதை என்றால் இன்னொன்று: 25,000 வோல்ட் கம்பியைத் தொடத்தான் வேண்டும் என்றில்லை, கிட்டே போனாலே பாயும். செல்ஃபி குச்சி, உலோக முக்காலி எதையும் அந்தப் பக்கம் தூக்கவே கூடாது. ஓட்டுநரின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பதும் வேண்டாம். அவர் சிக்னலைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று, ஹஸ்கிஸனைப் பற்றி நாம் செய்யும் தவறு. ரயில் மோதி இறந்த முதல் மனிதர் அவர்தான் என்று எழுதிவிடுகிறோம். அவருக்கு முன்பே அப்படி இறந்தவர்கள் உண்டு. அவர்கள் பிரபலமானவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

‘முதல்’ என்ற சொல் ரயில் வரலாற்றில் வழுக்குப் பாறை மாதிரி. ‘உலகின் முதல் ரயில் எது?’ என்று யாராவது கேட்டால், ‘எதில் முதல்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி எஞ்சின் 1804-இல் வேல்ஸில் பத்து டன் இரும்பை இழுத்தது. ஆனால் அதன் எடையை அங்கிருந்த வார்ப்பிரும்புத் தண்டவாளம் தாங்கவில்லை. 1807-இல் ஸ்வான்சீ அருகே கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றிப்போன வண்டியை இழுத்தது குதிரை. 1825-இல் தொடங்கிய ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் நீராவி இருந்தது, ஆனால் பல ஆண்டுகள் பயணிகளை ஏற்றிப்போனது பெரும்பாலும் குதிரை வண்டிதான். குதிரையை நம்பாமல், இரண்டு நகரங்களுக்கு நடுவே, இரட்டைப் பாதையில், கால அட்டவணைப்படி ஓடியது என்றால் 1830-க்கு வர வேண்டும். நான்கு பதில்களும் சரி. எந்தக் கேள்விக்கு என்பதில்தான் விஷயம்.

ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் ரோமானியத் தேர்க் கதையும் இந்த ரகம்தான். பல நாடுகளில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் 1,435 மில்லிமீட்டர் அகலம் ரோமானியர்களின் தேர்ச் சக்கர இடைவெளியிலிருந்து வந்தது என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சன் எடுத்தது, தான் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கப் பாதைகளின் அளவு, நான்கு அடி எட்டு அங்குலம். வளைவுகளில் சக்கரம் இறுகாமலிருக்க அரை அங்குலம் பிறகு சேர்ந்தது. அதே காலத்தில் புரூனல் என்ற இன்னொரு பொறியாளர் ஏழு அடிக்கும் சற்று அதிகமான அகலத்தில் கிரேட் வெஸ்டர்ன் பாதையைப் போட்டார். அது 1892 வரை தாக்குப்பிடித்தது. தேர்தான் காரணம் என்றால் இவருக்கு அந்தச் சேதி எட்டவில்லை போலிருக்கிறது.

பெயர்களில் வரும் குழப்பம் வேறு. பிளையிங் ஸ்காட்ஸ்மன் என்பது லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே 1862 முதல் ஓடிவரும் ஒரு ரயில் சேவை. அதே பெயரில் 1923-இல் கட்டிய எஞ்சினும் உண்டு. அந்த எஞ்சின் 1934-இல் மணிக்கு 100 மைல் தொட்டபோது இழுத்துக்கொண்டிருந்தது அந்த ரயிலையே அல்ல, லீட்ஸ் பாதையில் ஓடிய ஒரு சோதனை ரயிலை.

வேகச் சாதனை என்றால் உடன் வந்த நிபந்தனைகளையும் படியுங்கள். மல்லார்ட் என்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சின் 1938-இல் மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் எட்டியது இறக்கத்தில். முடிவில் ஒரு பேரிங் சூடேறி எஞ்சினை வழியிலேயே ரயிலிலிருந்து கழற்றிவிட வேண்டியதாயிற்று. இதனால் சாதனை சிறுத்துவிடாது. எனக்கென்னவோ அந்த பேரிங்தான் கதையின் ருசியே.

சக்கரக் கணக்கில் புதியவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்வார்கள். 4-6-2 என்று எழுதினால் அது வைட் முறை: முன்னால் சிறு சக்கரம் நான்கு, நடுவே இழுக்கும் சக்கரம் ஆறு, பின்னால் இரண்டு. பிரான்சில் அதே எஞ்சினை 231 என்பார்கள். அவர்கள் எண்ணுவது சக்கரங்களை அல்ல, அச்சுகளை. இது தெரியாமல் இரண்டு நாட்டு எஞ்சின்களை ஒப்பிட்டால் பாதி சக்கரம் காணாமல் போயிருக்கும்.

பழைய படங்களை நம்புவதிலும் நிதானம் வேண்டும். அமெரிக்காவின் இரு கரைகளையும் ரயில் இணைத்த 1869 மே 10 படம் பலருக்கும் மனப்பாடம்: எதிரெதிரே இரண்டு எஞ்சின்கள், சூழ ஆட்கூட்டம். இடம் புரோமான்டரி சம்மிட். பல புத்தகங்கள் ஏரிக்கரையில் இருக்கும் புரோமான்டரி பாயின்ட் என்று மாற்றிப் போட்டுவிட்டன. மலையை உடைத்து மேற்குப் பகுதியை அமைத்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களை அந்தக் கூட்டத்தில் தேடிப் பாருங்கள், முன்னால் நிற்க மாட்டார்கள். படத்தில் இருக்கும் எஞ்சின்கள் ஜுபிடரும் 119-உம்; இப்போது அங்கே நிற்பவை 1979-இல் வந்த நகல்கள். அசல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழைய இரும்பாகப் போய்விட்டன.

படம் எடுப்பதே ரசிப்பு என்று நினைப்பதை மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். காதைக் கொடுங்கள். இரண்டு சிலிண்டர் நீராவி எஞ்சின் சக்கரம் ஒருமுறை சுற்ற நான்கு முறை மூச்சு விடும். மூன்று சிலிண்டர் என்றால் ஆறு. ஏற்றத்தில் அந்தத் தாளம் எப்படி இழுபடுகிறது என்று கேட்டால் எஞ்சினின் பாடு புரியும். இணைப்புள்ள தண்டவாளத்தில் போகும்போது வேகத்தையும் காதாலேயே அளக்கலாம்: தண்டவாளத் துண்டின் நீளம் 20 மீட்டர் என்றால் 72 விநாடிகளில் கேட்கும் ‘தடக்’குகளின் எண்ணிக்கையே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். வேறு நீளமென்றால் மீட்டரை 3.6-ஆல் பெருக்கி விநாடியை மாற்றிக்கொள்ளுங்கள். பற்றவைத்த நீள் தண்டவாளத்தில் இது பலிக்காது.

கடைசியாக, குறிப்பேடு. என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது, பக்கம் பக்கமாக எஞ்சின் எண்கள். தேதி இல்லை, இடம் இல்லை, எந்தப் பக்கம் போனது என்றும் இல்லை. அந்த வயதில் எல்லாம் ஞாபகம் இருக்கும் என்ற நினைப்பு. இன்று அவற்றில் எது எங்கே பார்த்தது என்று எனக்கே தெரியாது.