ரிமோட் கார் பந்தயத்துக்கு உதிரிபாகப் பெட்டி கட்டும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ பந்தயத்தின் நடுவே சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கை) முறிந்தால் ஓடிப்போய் வாங்கிவர முடியாது. மதுரையே நூறு கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலான பாகங்கள் கூரியரில்தான் வந்து சேரும். எனவே பெட்டியை முதல் நாள் மாலையே கட்டிவிடுங்கள். இங்கே சொல்வது, புதியவர்கள் அதிகம் வாங்கும் 1/10 அளவு (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு) பேட்டரி கார்களுக்கானது.

முதலில் காரைத் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். முன் சக்கரம் கல்லில் மோதினால் அந்த அடி எந்த வழியாகப் போகும் என்று விரலால் தடவிப் பாருங்கள்: சக்கரம், ஹப் (சக்கரம் மாட்டும் பகுதி), கீழ் ஆர்ம், அதைப் பிடிக்கும் கம்பி, ஸ்டீயரிங் இணைப்பு, சர்வோ (முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்). இதுவே உங்கள் பட்டியல். புதியவர்களின் கார் பெரும்பாலும் முன்பக்கமாகவே மோதும். ஆகவே முன் ஆர்ம் இரண்டு, பின்பக்க ஆர்ம் ஒன்று போதும். இடதும் வலதும் ஒன்றா, வேறா என்பதை மேனுவலில் பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு சிறு டப்பா. இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். எல்லா ஸ்க்ரூவும் ஓரிடம், எல்லா ஆர்மும் ஓரிடம் என்று அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் உதவாது. ‘முன் ஆர்ம்’ டப்பாவில் ஆர்ம், கம்பி, அதற்கான ஸ்க்ரூ எல்லாம் சேர்ந்திருக்கட்டும். மூடியில் எந்த அலன் கீ என்று எழுதுங்கள், 1.5, 2, 2.5 மி.மீ. மூன்றும் பெரும்பாலான வேலைக்குப் போதும். சக்கர நட்டுக்கு 7 மி.மீ. ஸ்பேனர். பிளாஸ்டிக் கவர்கள் வேண்டாம். காற்று அவற்றைக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். எதிரே இருப்பது மன்னார் வளைகுடாவின் தேசியப் பூங்காத் தீவுகள்.

‘சர்வோ’ டப்பாவில் சர்வோ ஹார்னும் (சர்வோவின் முனையில் மாட்டும் சிறு கை) இருக்க வேண்டும். அதன் பற்கள் 23, 24, 25 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ‘கியர்’ டப்பாவில் ஸ்பர் (பெரிய பல்சக்கரம்) இரண்டு, பினியன் (மோட்டாரில் மாட்டும் சிறிய பல்சக்கரம்) ஒன்று. ஸ்பரும் பினியனும் ஒரே பிட்ச்சாக (பல் அளவாக) இருக்க வேண்டும். 48 பிட்ச் ஸ்பரோடு 32 பிட்ச் பினியன் சேராது. மாட்டும்போது இடையே ஒரு துண்டுக் காகிதம் வைத்து அழுத்தி, மோட்டாரை இறுக்கியபின் காகிதத்தை உருவிவிடுங்கள். இடைவெளி சரியாக அமையும்.

இந்தக் கரையில் காரை மெல்ல மெல்லத் தின்பது உப்புக் காற்றும் பொடிமணலும். அதனால் பேரிங்கை மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகமாக எடுத்துச் செல்லுங்கள். 5×11×4, 10×15×4 மி.மீ. என்பவை பரவலான அளவுகள். உங்கள் மாடலுக்கு எது என்பதை உறுதிசெய்யுங்கள். ரப்பர் மூடி உள்ளதையே வாங்குங்கள், மணல் எளிதில் நுழையாது. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் சக்கரத்தை விரலால் சுழற்றுங்கள். நறநறவென்று கேட்டால் உடனே மாற்றுங்கள். வெளியே கிரீஸ் பூசாதீர்கள், அதில் மணல்தான் ஒட்டும். உலர்ந்த பிரஷ் ஒன்று போதும். அலை நனைக்கும் ஈரமணலில் ஓட்டவே வேண்டாம். உப்புநீர் மோட்டாரையும் மின்னணுப் பகுதியையும் அரித்துவிடும்.

ஸ்க்ரூ மணலில் விழுந்தால் கிடைக்காது. ஒரு வெள்ளைத் துண்டும் காந்தத் தட்டும் அவசியம். கழன்றுகொண்டே இருக்கும் ஸ்க்ரூவுக்கு நீல நிறத் திரெட் லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, உலோகத்தில் உலோகம் சேரும் இடத்தில் மட்டும். சில வகைப் பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விட்டுவிடும்.

பேட்டரியைத் தனிப் பையில், தீப்பிடிக்காத உறையில் வையுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரியைப் பூட்டிய காருக்குள் வெயிலில் விடக் கூடாது. ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. உப்பிய பேட்டரியை எடுத்துச் செல்லவே கூடாது. மாலையில் மிஞ்சியவற்றை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் சேமித்து வையுங்கள்.

பயன்படுத்திய டப்பாவைத் தலைகீழாக வைத்துவிட்டு வந்தால், வீடு திரும்பியதும் எதை ஆர்டர் செய்ய வேண்டும் என்று தெரியும். அன்றிரவே ஆர்டர் செய்துவிடுங்கள்.